மீட்டருக்குள் ஒரு வெள்ளைத் துகள்

14.3.2006, செவ்வாய்

கம்பெனியில் நாங்கள் பூட்டும் பைக் மீட்டர் ஒன்றின் கண்ணாடிக்குள் இன்று ஒரு வெள்ளைத் துகள் கிடந்தது. செக்கிங்கில் பிடித்துவிட்டார்கள். எங்கள் லைன் லீடர் மஞ்சுளா அக்கா மீட்டரைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார்.

"தொப்பி போட்டும் கொட்டுதாம்மா ஒனக்கு? நாளைலருந்து பேக்கிங்குக்குப் போயிரு."

எல்லோர் முன்னாலும் சொன்னார். அது என் தலைப் பொடுகுதானா என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கே நிச்சயமில்லை.

பொடுகுக்கு டாக்டர் சொன்னதைச் செய்யாமலா இருக்கிறேன்? எண்ணெய் வைப்பதை விட்டாயிற்று. வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு போடுகிறேன். நுரையை ஐந்து நிமிடம் தலையில் ஊறவிட்டுத்தான் அலச வேண்டும் என்றார். நான்கு பெண்களுக்கு ஒரே பாத்ரூம் இருக்கிற அறையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அது எப்படி நடக்கும்? தலையில் நுரை வருவதற்குள் கவிதா கதவைத் தட்டுகிறாள்.

"உள்ளயே தூங்கிட்டியாடி? கம்பெனி பஸ்ஸு போயிரும்!"

உடனே தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். மத்தியானத்துக்குள் மறுபடி அரிப்பு.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் கவிதாவிடம் சொல்லி அழுதேன். "நல்லா எண்ண வெய்யி, எல்லாம் சரியாயிரும்" என்றாள். எரிச்சலில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஷாம்பு தேய்த்துக்கொண்டு நுரையோடு நின்றேன். தட்டினாள். திறக்கவில்லை. ஐந்து நிமிடமும் நின்ற பிறகுதான் அலசினேன்.

முடி இன்னும் காயவில்லை, படுக்க முடியவில்லை. நாளைக்குப் பேக்கிங்குக்குப் போக மாட்டேன். லைனில் என் இடத்திலேயே போய் உட்காரப் போகிறேன். அக்கா வந்து எழுப்பட்டும், எல்லோர் முன்னாலும்.