புளியமரத்தில் கட்டின கதையை யார் பேரில் எழுதுவது

திருவிடந்தை
29.9.1976

அன்பு மகள் மார்கரெட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் ஆடு இரண்டும் உயிரோடிருக்கிறோம், நீ டில்லியில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா. அப்பாவை அடக்கம் பண்ணின பிறகும் இரண்டு பேருக்கே உலை வைக்கிறேன், கை பழகிவிட்டது, மிச்சத்தைத் தின்று ஆடு கொழுத்துவிட்டது, இருந்தால் ஆட்டோடு சண்டைக்குப் போவார்.

நம்மவர்கள் பண்ணையில் படியாளாகக் கிடந்த காலத்தை, பட்டவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி அனுப்பு, புத்தகமாகப் போடப்போகிறோம் என்றாயே, தாளும் பேனாவுமாகச் செங்கம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறேன் என்று அவள் மருமகன் வேலி தாண்டி ஓடினான், கைலி முள்ளில் நின்றது, ஆள் நிற்கவில்லை. அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, எய்திக்கோ, பண்ண ஆண்ட எங்கள பெத்த புள்ள மாதிரி வச்சிருந்தாரு என்றாள். எழுதிக்கொண்டேன். மறுநாள் வெறுங்கையோடு அவள்கூடக் கடலை பிடுங்கப் போனால், இன்னாடி ரெபேக்கா, நெசமாவே அத்த எய்திகினியா, என் குட்சை அவன் மனையில கீது, பேப்பர்ல வேற இன்னாத்த சொல்றது என்று சிரிக்கிறாள். பிறகுதான், குழந்தைக்குப் பால் கொடுக்க வரப்பேறினதற்குப் பண்ணைக்காரர் தன்னைப் புளியமரத்தில் கட்டிவைத்ததையும் உங்கப்பா வந்து அவிழ்த்துவிட்டதையும் சொன்னாள், சொல்லும்போது சிரிக்கவில்லை.

பேர் இல்லாவிட்டால் சாட்சி ஆகாது என்று உன் வாத்தியார் சொல்கிறாராமே, அவருக்கென்ன, சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அக்கா பேரைப் போட்டால் மழைக்கு முன்னே அவள் குடிசை போய்விடும். டில்லிப் புத்தகத்தை இங்கே யார் படிப்பார் என்காதே, பண்ணைக்காரர் மகன் கங்காதரன் மெட்ராசில் வக்கீல், வம்புக்கென்றே படிப்பான். அந்தப் பெற்ற பிள்ளைப் புளுகுக்கு வேண்டுமானால் அவள் பேரைப் பெரிதாகப் போடு, குளிர்ந்து போவார்கள். மரத்தில் கட்டினதற்கு ஒரு பெண் என்று மட்டும் எழுது, அந்த மரத்தைப் பார்க்காத முதுகு நம் தெருவில் ஏது, யாரென்று அவர்களுக்கே நினைவிருக்காது.

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து உதடு கிழிந்து வந்தவருக்கு உப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தவள் நான், அன்றைக்கே என்னிடம் எல்லாம் சொன்னார். ஆகையால் பார்த்தவர் ஏசுபாதம் என்று அப்பா பேரைப் போடு, கல்லறையிலிருந்து அவரைக் காலி பண்ண எந்தப் பண்ணைக்கும் முடியாது. அவர் சொல்லக் கேட்டவள் ரெபேக்காள் என்று என் பேரையும் போடு, நம் வீடு மிஷன் மனை, பாதிரியார் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

குளிர் வருவதற்குள் ஒரு கம்பளி வாங்கு. கர்த்தர் உன் கூடவே இருந்து காப்பாராக. அச்சாகும்போது எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்.

உன் அம்மா
ஏ. ரெபேக்காள்