அக்காவின் பெயரில் ஒரு பச்சைச் சுவர்

என் பிரியமான அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். கேட்காமல் ஆரம்பிக்கவும் எனக்குக் கை வரவில்லை. நேற்று தாம்பரத்தில் உன் கல்லூரிக்குப் போயிருந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

நீ சரித்திரம் நடத்திய பழைய கூடத்தை உன் நினைவாகப் புதுப்பித்திருப்பதாகச் சொல்லித் திறப்பு விழாவுக்கு உன் பழைய மாணவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். மீட்டர் கேஜ் மின்ரயிலில் போகும் வழியெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. வாசலில் கால் வைத்ததும் பகீரென்றது.

கிளிப்பச்சை, அக்கா. வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்குமே, அதன் மேல் சிமென்ட் பூசி ஆயில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கடல் காற்று உள்ளே வரட்டும் என்று கட்டியவன் கிழக்கே வைத்த வளைவுகள் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். நடுவில் கறுப்பு கிரானைட்டில், தங்க எழுத்தில், உன் பெயர்.

யாரைக் கோபித்துக்கொள்வது? அத்தனை பேர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. மூலையில் சுவரைத் தொட்டேன். ஈரம். பெயின்ட் அதற்குள் அப்பளமாக உப்பியிருந்தது. சுண்ணாம்புச் சுவர் மழையைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும், அதன் வாயை மூடினால் உள்ளேயே அழுகும் என்று சாப்பாட்டு வேளையில்கூடச் சொல்வாயே. சிமென்ட் பூசக் கூடாதென்று நிர்வாகத்தோடு நீ மல்லுக்கு நின்றதும் இதே சுவருக்காகத்தானே?

முன்னின்று வேலை பார்த்த உன் மாணவன் ஸ்டீபனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"மேடம் சொன்னது தெரியும் சார். எக்ஸாம்லயே எழுதியிருக்கேன். ஆனா மேடம் பேர்ல பண்றோம், பழசா விட்டா நல்லா இருக்குமான்னு எல்லாருக்கும் தோணிடுச்சு."

தெரிந்தே செய்திருக்கிறார்கள். குடமுழுக்கு என்றாலே முதல் வேலையாகப் பெயின்ட் டப்பாவைத் திறக்கிற ஜனம் நாம். அன்பு வந்தாலும் அதே கதிதானா?

விழாவுக்கு வந்திருந்த ஒரு இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு குண்டைப் போட்டார். சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்தரங்களின் முனை ஈரத்தில் இற்றுப்போனால் கூரையே இறங்கிவிடும், பிறகு கூடத்தை இடிப்பதைத் தவிர வழியில்லையாம். இப்போதே சுரண்டி எடுத்தால் பிழைக்கும். ஆனால் மேடத்தின் நினைவுச் சின்னத்தில் எப்படிக் கை வைப்பது என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நன்றி சொல்லத்தான் மேடை ஏறினேன். "எல்லாத்தையும் சுரண்டிடுங்க. அக்கா பேர் போட்ட கல்லையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தக் கல்லும் சுவரை மூடிக்கொண்டுதானே நிற்கிறது? கைதட்டத் தயாராயிருந்தவர்கள் கையை இறக்கிவிட்டு, சுரண்டும் வேலைக்கு நாள் குறித்தார்கள். உன் பெயரை எடுக்கச் சொன்னது என் வாய்தானா என்று வீடு வந்து சேரும்வரை என்னால் நம்ப முடியவில்லை. உனக்குக் கோபமா அக்கா?

திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கிறது. கல்லைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருப்பேன். முதல் ஆணியில் கை வைப்பதும் நானாகத்தான் இருக்கும். வேறு யாரையும் தொட விட மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவன்,
குரோம்பேட்டைத் தம்பி