வாயைக் கட்டியாச்சு

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிட்டு உன்னிடம் வருகிறேன். உன் அண்ணனின் மூத்த மகள் லேப் படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்தது வாத்தியார் மகள், ஆகவே நம்மவளையே முதல் என்று வைத்துக்கொள். அவள் தம்பி நெட்டையன் நீளம் தாண்டுதலில் கோப்பை வாங்கினான். அது அலமாரிக்குள் நுழையாமல் ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. கடைக்குட்டி, ஓடுகிற பஸ்ஸில் இருக்கும் எழுத்தைக்கூடத் தானே வாசிக்கிறாள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பெரிய படிப்புப் படித்த உனக்குத்தான் அம்மாவின் கடிதத்தை வாசிக்கத் தெரியவில்லை.

போன கடிதத்தில் என்ன எழுதினேன்? 'பாலை நிறுத்தியாச்சு, முட்டையை நிறுத்தியாச்சு, மீன், கறி எதுவும் கிடையாது, வாயைக் கட்டியாச்சு' என்று எழுதினேன். விளக்கை அணைச்சாச்சு என்று எழுதினால், யார் அணைத்தது என்று போலீசைக் கூப்பிடுவாயா? நிறுத்தியது நான். கட்டியதும் என் வாயை நானேதான். நீயோ கடிதத்தை மடிப்பதற்குள் அண்ணிக்குப் போன் போட்டு, "எங்கம்மாவுக்கு ஒரு டம்ளர் பால் ஊத்த உங்களுக்கு மனசு வரலையா அண்ணி? வாயைக் கட்டிப் பட்டினி போடறீங்களா?" என்று கேட்டாயாமே. 'நான்' என்ற சொல் விட்டுப்போனது என் தப்பென்றே இருக்கட்டும். அதற்குத் தண்டனை அவளுக்கா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரத்தத்தில் கொழுப்பு ஏறி, நம் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் நான்கு தடவை படியில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா குறைக்கச் சொன்னார். எனக்குக் குறைக்கத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். அரைத் தட்டு காயும் கீரையும், கால் தட்டு பருப்போ பயறோ, மிச்சக் கால் தட்டு சோறு. பின்னக் கணக்குக்குக் குட்டு வாங்கியவள் நான், இன்றைக்கு என் தட்டில் கணக்குக்கு மேல் ஒரு பருக்கை விழாது. ஏழு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். பாலும் கறியும் இல்லாததற்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சத்து மாத்திரை வாரம் ஒன்று. இப்படி ஏழு மாதம். மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினேன்.

இதில் பாதிப் பெருமை உன் அண்ணிக்கு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றபடி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், எனக்கென்று பயறு ஊறப்போட்டு, வேகவைத்து, உப்புக் குறைத்துத் தனியே மூடிவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தவள் நான், உனக்கே தெரியும். இந்தப் பயறு விஷயத்தில்தான் எங்களுக்குள் சிரித்த பேச்சு வந்தது. அதில் மண்ணள்ளிப் போட்டாய்.

இப்போது தினமும் காலையில் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து வைக்கிறாள். வேண்டாம் என்றால், "குடிச்சிடுங்க அத்தே. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான்தான் கொலைகாரி" என்கிறாள். குடிக்கும்வரை நகர்வதில்லை. அவளுக்கு வேலைக்கு நேரமாகிறதே என்று விழுங்கித் தொலைக்கிறேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். பயறு டப்பா திறக்கப்படாமல் இருக்கிறது. நேற்று இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ கடைசியாக அனுப்பிய படத்தில் சட்டைப் பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கழுத்தைக் காணோம். உன் அப்பாவின் கடைசிப் படத்திலும் இதே கழுத்துதான். யார் யாருக்குப் பால் ஊற்றவில்லை என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, உன் தட்டைப் பார்.

புதிதாக ஒரு படம் எடு. முகம் மட்டும் போதாது, முழு ஆளும் பக்கவாட்டில் தெரியவேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாதே, பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். படத்தின் பின்னால் அண்ணிக்கு இரண்டு வரி உன் கையால் எழுது. என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

நன்றாக இரு, ராசா. நூறு வயது இரு. படத்தைச் சீக்கிரம் தபாலில் போடு. உறையின் மேல் என் பெயர் வேண்டாம், அண்ணி பெயர் எழுது.

உன் அம்மா