ஒரு பக்க பிரேக்கும் என் புகாரும்

சகல,

போன செவ்வாய்க்கிழமை பாப்பா காலேஜில் பெற்றோர் கூட்டம். அவளுடைய துறைத்தலைவர் அம்மா, வீட்டில் பிள்ளைகள் ஃபோனில் கேம் ஆடுவதைக் கண்காணிக்கிறீர்களா என்று கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையிலிருந்து இங்கிலீஷ்காரி ஒருத்தி, பின்னால் எதிரி வருகிறான் என்று கத்தினாள். வராண்டாவில் ஃபோனில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மூடாமல் பையில் போட்டிருக்கிறேன். முன்வரிசையில் இருந்த நாலைந்து பேர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் எதிரி யாருமில்லை, பாப்பாதான் நின்றிருந்தாள். எதிரியே தேவலாம்.

பஸ்ஸில் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். மாகறல் தாண்டியதும் ஃபோனைப் பிடுங்கி, இன்னாப்பா ஆடுற அப்படி என்று திறந்தாள். நம்முடைய விமான கேமில் அன்றைக்குத்தான் அப்டேட் வந்திருந்தது. கம்பெனிக்காரன் ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதியிருந்தான். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சினை மட்டும் அணைத்துச் சட்டென்று திருப்பினால், இனிமேல் வேகமும் உயரமும் ரொம்பக் குறைந்துவிடுமாம். திருப்பம் அளவுக்கு மீறி பலமாக இருந்ததாம்.

"சித்தப்பா பண்ணுவாரே, அதைத்தான்ப்பா கொறச்சிட்டாங்க," என்றாள்.

அது ஹேக் இல்லையா என்று கேட்டேன். வேறு ஏதோ கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"ஹேக்கை எதுக்குப்பா கொறைப்பாங்க? கண்டுபிடிச்சா ஆளையே தூக்கிடுவாங்க. இது எல்லாருக்கும் இருந்த பட்டன். யாரும் தொடல, சித்தப்பா தொட்டாரு."

அதற்கப்புறம் உத்திரமேரூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்தது நான்.

நீ போய் நாலு மாசம் ஆகிறது சகல. மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தாய், தை பிறப்பதற்குள் முடிந்துவிட்டது. கடைக்கு எதிரில் நீ உட்காரும் பெஞ்சில் இப்போது ஒரு செத்த மோட்டாரை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். எடுத்து வைக்க மனசு வரவில்லை.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. மோட்டார் காயில் கட்டுகிறவன் யாரையும் நம்ப மாட்டான். எந்த விவசாயியும் தப்பு பண்ணினேன் என்று சொல்லி மோட்டாரைக் கொண்டுவந்ததில்லை. தானாகவே நின்னுடுச்சு என்பான், பிரித்தால் உள்ளே கரிக்கட்டை. இருபத்து மூன்று வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, என் பொண்டாட்டி குழம்பில் உப்பு போட்டுவிட்டேன் என்று சொன்னாலும் கரண்டியில் தொட்டுப் பார்க்கிறவன் ஆகிவிட்டேன். அவள் தங்கச்சியைக் கட்டின உன்னை மட்டும் எப்படி விடுவேன்?

மழை பெய்து டிராக்டர் கழனியில் இறங்காத நாட்களில் மத்தியானம் கடைக்கு வருவாய். நான் சின்ன, வேகமான விமானம். நீ யாரும் சீண்டாத அந்தப் பருத்த இரண்டு எஞ்சின்காரனை எடுப்பாய். எருமையை ஓட்டிக்கினு வர்றியா சகல என்று கிண்டல் பண்ணுவேன். ஒருநாள் நாம் எதிரெதிர் அணியில் விழுந்தோம். உன் வாலைப் பிடித்துவிட்டேன். பயந்து மேலே ஏறுகிறாய் என்று நினைத்து நானும் ஏறினேன். அடுத்த நொடி எருமை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தது. ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை என்னைச் சுட்டுத் தள்ளினாய். எப்படி என்று கேட்டால், "அது தொழில் ரகசியம்" என்று பல்லைக் காட்டினாய்.

அந்தப் பல்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நீ ஒதுங்கப் போன நேரத்தில் உன் ஃபோனை எடுத்துத் துழாவினேன். உன் லாக் எனக்குத் தெரியும், பாப்பா பிறந்தநாள். மழை பார்க்கிற ஆப், பக்திப் பாட்டு, டிராக்டரை ஆறு கோணத்தில் எடுத்த படம். வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்ததும் சந்தேகம் இரண்டு மடங்கானது. இவ்வளவு சுத்தமாக ஒளித்து வைத்திருக்கிறான் என்றால் பெரிய கை என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் ஆட்டம் முடிந்த பட்டியலில் உன் பெயரை அமுக்கி, ஏமாற்றுகிறான் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு அமுக்குத்தான். விசைப்பலகைகூட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் நீ நாஷ்டா கூடத் தின்னாமல் வந்து நின்றாய். கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் ஆடிச் சேர்த்த விமானம், பதக்கம், பெயர் எல்லாம் போய்விட்டது. உனக்கு அதெல்லாம்கூடப் பெரிதில்லை.

"திருடன்னு எய்திக்கீறான் சகல. கழனியில ஒரு சால் கொறைச்சி ஓட்டியிருப்பனா நான்?"

அப்போதுதான் ரகசியத்தைச் சொன்னாய். நடவுக்கு முன்னால் சேற்றில் சேடை ஓட்டும்போது வரப்போரம் டிராக்டரைத் திருப்ப இடம் இருக்காது. இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக் என்று தனித்தனியாக இருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்தில் சுற்றும். கேமில் இரண்டு எஞ்சினையும் தனித்தனியாகக் குறைக்க ஒரு பட்டன் இருப்பதை செட்டிங்கில் பார்த்தாயாம். "ஆனா சும்மா திரும்பாது சகல. விழும். அதுக்குத்தான் மொதல்ல மேல ஏத்திக்கினு போறது," என்றாய்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், காவாந்தண்டலத்திலும் தென்னேரியிலும் உன் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து, அந்த ஒற்றைக் கால் மிதிப்பதை நூறு தடவை பார்த்தவன் நான். ஊரில் வேறு எவன் சந்தேகப்பட்டிருந்தாலும் நியாயம் உண்டு. நானோ, மாட்டிக்கொண்டதும் எவ்வளவு அழகாகக் கதை கட்டுகிறான் என்று நினைத்தேன்.

கம்பெனிக்கு முறையீடு எழுதச் சொன்னாய். நீ எட்டாவது, நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதினவன், அதனால் இங்கிலீஷ் என் பொறுப்பு. இவர் என் சகலை, மிக நேர்மையான மனிதர், நான் உறுதி அளிக்கிறேன் என்று எழுதினேன். புகார் கொடுத்தவனே நற்சான்றும் கொடுத்தான். பதில் வரவில்லை. நீ முதல் படியிலிருந்து வேறு பெயரில் ஆரம்பித்தாய்.

பாப்பாவிடம் அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டேன், அந்தத் திருப்பத்துக்கு எதிராளிக்கு வழியே இல்லையா, அதனால்தான் குறைத்தார்களா என்று. வழி இருந்தது, அது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும் என்றாள். "அவர் மேல ஏறும்போதே நீ விட்டுட்டு விலகியிருக்கணும்ப்பா. ஏன் பின்னாலயே போன?" பழகின கைக்கும் ஒரு பலன் வேண்டும், எதிரில் இருக்கிறவனுக்கும் ஒரு வழி வேண்டும், கம்பெனிக்காரன் பாடு கஷ்டம்தான். ஆனால் நீ முதலிலேயே உயரத்தைச் சேர்த்துவைத்து, அதை விலையாகக் கொடுத்துத்தானே திருப்பினாய். அந்தக் கணக்கில் உன்னை யாரும் சேர்க்கவில்லை.

இன்னொரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன் கணக்கு போன இரண்டாம் நாள், உன் பெயரைப் போட்டு, உங்கள் புகாரின்பேரில் நடவடிக்கை எடுத்தோம், நன்றி என்று என் ஃபோனில் கம்பெனி செய்தி வந்தது. மேசைமேல் செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் ஃபோன் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீ. வெளிச்சம் வந்து போகிற நேரம்தான். இங்கிலீஷ் உனக்கு அவ்வளவு வராது. ஆனால் உன் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் உனக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பக்கத்து டீக்கடைக்குக் கூப்பிட்டாய். மாஸ்டரிடம் இரண்டு டீ சொல்லிவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"ரிப்போர்ட் அடிச்சவன் யாருன்னு தெரிஞ்சா டீ வாங்கித் தருவேன் சகல. பொய்யின்னு நெனைக்கிற அளவுக்குத் திருப்பிக்கீறேன் பாரு. எனக்கு யாரும் அவ்ளோ பெரிய பட்டம் குடுத்ததில்ல."

சொல்லிவிட்டு ஒரு கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்தாய். எப்போதும் அவரவர் கிளாஸை அவரவர்தான் எடுப்போம்.

முழுசாகக் குடித்தேன். சர்க்கரை கம்மி என்று மாஸ்டரிடம் சொன்னேன். நான்தான் சகல என்று உன்னிடம் சொல்லவில்லை.