பலகையில் யார் பெயர்

ஞாயிறு, 12.8.1984

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் தோட்டத்துப் பெண்கள் இருவர், "மண்டோரு மக தையக்கட எங்கலா இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "நாந்தான், வாங்க" என்று கூட்டி வந்தேன். 'சரஸ்வதி தையலகம்' என்ற எங்கள் பலகையை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறார்கள். என் பெயர் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? அப்பா அங்கே கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர்; அங்கே நான் எப்போதும் மண்டோர் மகள்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். புதுப் பலகைக்கு வழியில்லை. மிச்சமிருந்த பெயின்ட்டை எடுத்தார்.

"எம்பேர அழிச்சிட்டு எழுதுங்க" என்றேன்.

அவரோ, கீழே 'உரிமையாளர்: முனியாண்டி' என்றிருந்த தன் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'மண்டோர் மகள் கடை' என்று எழுதினார்.

"எம்பேர யாரு தேடி வரப் போறா?" என்று சிரித்தார்.

நான் தேடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.