ஏழாம் கதவுக்கு ஓர் அட்டை

பதுளை

அன்பு மகன் றுஷ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு நாங்கள் நலம், வாப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முறைப்பாடு செய்கிறது. தோஹா வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் படிப்பிக்கும் பத்தாம் தரத்துப் பிள்ளைகளும் அதையே கேட்டார்கள். ஏற்றத்தாழ்வு என்றால் பை இல்லாமல் இருப்பது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அதனால் ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தோடு அவர்களை அழைத்துப் போனேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் கதவிலக்கம் போட்டுக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வேலை. இவ்வளவு காலமும் அங்கே யாருக்கும் தனி முகவரி இல்லை, கடிதமெல்லாம் தோட்ட நிர்வாகம் நடக்கும் கந்தோருக்குப் போகும், யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. என் வகுப்பு அலவி பிரஷைப் பிடித்து ஒரு கதவில் ஏழு எழுதினான். அந்த வீட்டு விஜயலெட்சுமி பார்த்துவிட்டு, "தம்பி, ஏழு ஆடுதே, சம்பளத்தன்னைக்கு எங்க வீட்டுக்காரரு வர்ற மாதிரி" என்றார். லயமே சிரித்தது. போன வருடம் அவருடைய மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து, கந்தோரில் கிடந்து, கைக்குக் கிடைத்தபோது நாள் கடந்திருந்தது. இம்முறை மகள் மறுபடி விண்ணப்பித்து, புது இலக்கத்தையே முகவரியாகக் கொடுத்திருக்கிறாள். என் மாணவி பஹ்மாவுக்குப் பொறுக்கவில்லை, "எங்கட கடை விலாசத்தக் குடுங்க, நானே கொண்டு வந்து தாறேன்" என்றாள். விஜயலெட்சுமி அவள் கன்னத்தைத் தொட்டு, "வேணாங்கண்ணு, எம்புள்ள இருக்கிறது இங்கதானே, கடுதாசியும் இங்கயே வரட்டும்" என்றார்.

திரும்பும் வழியில் தபால் கந்தோரில் விசாரித்தோம். அந்த இலக்கங்களுக்கு ஒரு கடிதமும் வருவதில்லை, வந்தால்தானே ஆள் மலை ஏறிப் போவது என்றார்கள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு கதவுக்குத் தபால் அட்டை எழுதுகிறார்கள். மகளின் அந்த நேர்முகக் கடிதம் வருமுன் தபால்காரருக்கு வழி பழகிவிட வேண்டும். முதலில் போட்ட அட்டைகள் இன்னும் தோட்டத்துக் கந்தோரில்தான் கிடக்கின்றன என்று நேற்று அறிந்தேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது மகன், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வருடம் போய்விடக் கூடாது. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் இவ்வளவு கோபத்தோடு பாடம் படித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே பை வேண்டாம், நீயும் ஓர் அட்டை போடு. வெளிநாட்டு முத்திரையைக் கண்டால் தபால்காரர் ஆசையோடு ஏறுவார் என்கிறான் அலவி. உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தும் மனதில் நிம்மதியும் தருவானாக. தோட்டத்தின் பெயரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். விஜயலெட்சுமி, ஏழாம் கதவு, நான்காம் லயம் என்று பெரிதாக எழுது, தோட்டத்துக் கந்தோர் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் உம்மா,
பஸ்லியா