மைனாவின் தோளில் இரண்டு விரல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அனல். ஸ்கூட்டர் பின் டயரில் காற்று இல்லை, மறுபடியும். பரளச்சி போய்ச் சேர்வதற்குள் உச்சி வெயில்.

பார்த்தவை: ஆடு இரண்டு, கழிச்சல். எருமை ஒன்று, மடிவீக்கம். கடைசியாக இருளாண்டி அண்ணனின் மைனா. திருவிழாக்களில் ஆடும் குதிரை. வலது முன்னங்காலில் நொண்டல், குளம்புக்கு மேலே உள்ள மூட்டில். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம். மருந்து கொடுத்தால் சரியாகிறது, நிறுத்தினால் பழைய கதை. மூட்டுக்குள் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

அண்ணனுக்குப் பயம். “மயக்கம் போட்டுப் படுக்க வச்சா எந்திரிக்காது டாக்டரம்மா. எனக்குத் தெரிஞ்சு ஒரு குதிரை அப்படித்தான் போச்சு.”

படுக்க வைக்க வேண்டாம், லேசான மயக்கத்தில் நின்றபடியே பார்க்கலாம் என்றேன். ஊசி கனத்தில் ஒரு கேமரா. மதுரைத் தோழியிடம் இரவல் கேட்க வேண்டும்.

மனுஷனுக்குச் சந்தோஷம். ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: “கொட்டுக்கு ஆடுதுன்னு ஊரே நெனைக்குது. அதுக்குக் கொட்டும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. எல்லாம் என் வெரலுதான்.” மைனாவின் தோளில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். நொண்டிக் காலை உடனே தூக்கியது. தட்டாதீர்கள் என்று அதட்டினேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாங்க: பஞ்சு, கையுறை, அம்மாவுக்குத் தைலம்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. மயக்க ஊசி போட்டதும் மைனா தலையைத் தொங்கப் போட்டது, கீழுதடு தொங்கியது. அண்ணன் மனைவி பேச்சியம்மாள், “அய்யோ, சாகப்போகுதா?” என்று பதறினார். தூங்குது அக்கா, பயப்படாதீங்க என்றேன். காதில் பஞ்சு. மூட்டில் மரத்துப்போகும் ஊசி. பிறகு கேமரா.

திரையில் மூட்டின் உள்ளே பார்த்தேன். எலும்பின் மேல் வெள்ளை வழவழப்பு, ஒரே ஒரு இடத்தில் சாக்கு ஓரம்போலப் பிசிறு. அவ்வளவுதான். பல மாத ஓய்வு கொடுத்தால் தேறிவிடும். அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

தெருவில் கோயில் பொங்கல் கொட்டு வந்தது. மைனா அசையவில்லை. அசைந்தது அண்ணனின் விரல்கள். தோளில் வைத்திருந்த கை, கொட்டுக்குத் தகுந்தபடி தானாகத் தட்டியது. மைனா காலைத் தூக்கிவிட்டது. மூட்டுக்குள் கேமரா ஊசி கீறி இழுத்தது. திரை முழுக்க ரத்தம்.

வெளியே எடுத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தினேன். “கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா? உங்க கைதான் இந்தக் குதிரைக்கு எமன்!” தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

முறைப்படி மைனாவின் கயிற்றை என் உதவியாளர் செல்வம்தான் பிடித்திருக்க வேண்டும். திரையில் வெயில் படுகிறதென்று அவரைக் குடை பிடிக்க நிறுத்தியது நான். தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றால் குதிரை பயப்படாது என்று அண்ணனைப் பிடிக்கச் சொன்னதும் நான். விரல் விஷயத்தை அவரே சொல்லியும் இருந்தார். படித்த மூளை எங்கே மேயப் போனதோ.

மார்ச் 12, புதன்

மூட்டில் லேசான வீக்கம். காய்ச்சல் இல்லை. ஊசி போட்டேன், கட்டு மாற்றினேன்.

அண்ணன் வெளியே வரவில்லை. பேச்சியம்மாள்: “நேத்துலருந்து சாப்பிடல. கையக் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக.” உள்ளே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காரியாபட்டியில் அவசரக் கேஸ் என்று சொல்லிக் கிளம்பினேன். கேஸ் இருந்தது. அவசரம் இல்லை.

மார்ச் 19, புதன்

வீக்கம் வடிந்துவிட்டது. அப்பாடா. கேமராவை மதுரைக்கு அனுப்பியாச்சு.

அண்ணன் தள்ளியே நின்றார். தண்ணீர் காட்டுவது, தேய்த்துவிடுவது எல்லாம் இப்போது பேச்சியம்மாள்தானாம். வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. ராத்திரி சோறு பழையதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

லீவு. இருந்தும் போனேன். வழியில் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே.

பேச்சியம்மாள் மைனாவை நடத்திக் காட்டினார். நொண்டல் கிட்டத்தட்ட இல்லை. ஓய்வு இன்னும் வேண்டும், ஆனால் பிழைத்தோம். அண்ணன் வேலியோரம் நின்றார். இரண்டு கையையும் தோள் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார், இந்த வெயிலில்.

“அன்னிக்கு நான் பேசினது தப்புண்ணே. கயிற உங்ககிட்ட கொடுத்ததே என் தப்பு. தடவிக் கொடுங்க, ஒண்ணும் ஆகாது.”

“இருக்கட்டும் டாக்டரம்மா. கோவத்துல சொன்னாலும் உள்ளதத்தான சொன்னீக. தட்டுனது எனக்கே தெரியல. தெரியாமச் செய்யிற கைய எப்படி நம்புறது?”

எனக்கு அழுகை வந்தது.

மைனா கயிற்றை இழுத்துக்கொண்டு அவரிடம் போனது. பக்கவாட்டில் திரும்பி, தோளை அவர் நெஞ்சில் சாய்த்து நின்றது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அது தானாகவே காலைத் தூக்கியது.